குற்றப் பதிவோடு வேலை தேடிய இளைஞர்: பகாவ் வட்டாரத்தில் ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

நெகிரி செம்பிலானில் பகாவ் வட்டாரம் முழுக்கச் செம்பனை. பட்டணம் என்றால் சில கடைத்தெருக்கள், ஒரு ரயில் நிலையம், லோரி பழுது பார்க்கும் பட்டறைகள், செம்பனைக் குலையை நிறுத்து வாங்கும் ரேம்ப்கள். தோட்டத்தில் காலையில் நடந்தது மாலைக்குள் பட்டணத்துக்கு வந்துவிடும். இந்த நிகழ்வில் அதற்கும் பங்கு உண்டு என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் தோட்ட அலுவலகத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவன். ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர், கோயில் செயலாளர் ஒருவர், நான் ஆகிய மூன்று பேரும் சிறையிலிருந்து திரும்பும் பிள்ளைகளுக்கு வேலை தேட உதவுகிறோம். பெயர் வைத்த அமைப்பெல்லாம் இல்லை. அப்படித் திரும்பிய ஓர் இளைஞரின் கதை இது. இதை எழுத அவரும் அவருடைய தாயாரும் சம்மதித்தார்கள். அவர் படித்துப் பார்த்து இரண்டு இடத்தில் திருத்தமும் சொன்னார். அடையாளம் காட்டிவிடும் விவரங்களை விட்டிருக்கிறேன்.

அவருக்கு அப்போது வயது 24. குலை ஏற்றும் குத்தகைக்காரரிடம் லோரி ஆளாக இருந்தார். அப்பா இறந்துவிட்டார். அம்மா அதே தோட்டத்தில் உரம் போடும் வேலை செய்கிறார், அந்த வேலையால்தான் லயத்து வீடு கையில் இருக்கிறது. 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்த பிறகு குத்தகைக்காரர் ஆட்களைக் குறைத்ததில் இவர் வேலையும் போனது. 2021 கடைசியில் செம்பனை எண்ணெய் டன்னுக்கு 5,000 ரிங்கிட்டைத் தாண்டியது. குலைக்கும் நல்ல விலை. அந்த அக்டோபரில் ஒரு ராத்திரி, நண்பர்கள் இருவரோடு, இரவல் வேனில் 23 குலைகளை ஏற்றியிருக்கிறார்கள். அரை டன் இருக்கும். ரேம்ப் போய்ச் சேருமுன்பே பிடிபட்டார்கள். சிறுநீர்ப் பரிசோதனையில் போதைப்பொருளும் தெரிந்தது.

திருட்டுக்குத் தண்டனைச் சட்டத்தின் 379ஆம் பிரிவு. ஏழு ஆண்டு வரை சிறை விதிக்கலாம். போதைப்பொருள் பயன்படுத்தியதற்கு 1952ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டத்தின் 15(1) பிரிவு. முதலாவதற்கு 12 மாதம், இரண்டாவதற்கு 6 மாதம், ஒன்றன்பின் ஒன்றாக அனுபவிக்க வேண்டும் என்று தீர்ப்பானது. நன்னடத்தைக்கு மூன்றில் ஒரு பங்கு கழிந்து, ஓர் ஆண்டில் வெளியே வந்தார். அது 2023 பிப்ரவரி.

ஆனால் 15(1) பிரிவில் தண்டனை பெற்றவருக்குச் சிறையோடு முடிவதில்லை. அதே சட்டத்தின் 38பி பிரிவுப்படி, வெளியே வந்ததும் இரண்டிலிருந்து மூன்று ஆண்டு வரை கண்காணிப்பு. இவருக்கு இரண்டு ஆண்டு. மாதம் ஒரு நாள் ஏஏடிகே (தேசியப் போதைப்பொருள் தடுப்பு நிறுவனம்) அலுவலகத்துக்குப் போய்ப் பெயர் கொடுத்து, சிறுநீர் கொடுத்துவிட்டு வர வேண்டும். அலுவலக நாளில், அலுவலக நேரத்தில். இந்த ஒரு நாளைத்தான் நாங்கள் கவனிக்கத் தவறினோம்.

முதல் சந்திப்பில் கண்டவை

மார்ச் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் அவருடைய அம்மா என்னிடம் வந்தார். "கிராணி ஐயா, பையன் வீட்ட விட்டு வெளிய வரவே மாட்டேங்கறான்" என்றார். மறுநாள் லயத்துக்குப் போனேன். விடுதலைக் கடிதத்தை எட்டாக மடித்து, அம்மாவின் கிளினிக் அட்டை இருக்கும் பிளாஸ்டிக் பைக்குள்ளேயே வைத்திருந்தார். எடுத்துக் கொடுக்கும்போது மணிக்கட்டில் சின்னச் சின்னத் தீப்புள்ளிகள் தெரிந்தன. கேட்டேன். உள்ளே வெல்டிங் பழகினாராம். அதைச் சொன்னபோதுதான் முதல்முறையாக நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார்.

அதற்குள் ஏழு இடத்தில் வேலை கேட்டிருந்தார். நான்கு இடத்தில் விண்ணப்பப் பாரம் கொடுத்தார்கள். நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டதுண்டா என்ற கேள்வி நான்கிலும் இருந்தது. எதிரே ஆம், இல்லை என்று இரண்டு பெட்டி. விளக்கம் எழுத ஒரு கோடு இடம்கூட இல்லை. இரண்டில் உண்மையாக 'ஆம்' போட்டார். பதிலே வரவில்லை. மற்ற இரண்டில் 'இல்லை' போட்டுவிட்டு, பயந்துபோய் நேர்முகத்துக்கே போகவில்லை. மீதி மூன்றும் பட்டணத்துக் கடைகள். பாரம் இல்லை, ஆனால் இவர் வாசலை மிதிக்கும் முன்பே விஷயம் உள்ளே போயிருந்தது.

முதலாளிகளுக்கு எப்படித் தெரிகிறது என்று பலர் கேட்கிறார்கள். போலீசின் குற்றப் பதிவு 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வைக்கப்படுவது. தனியார் முதலாளி புரட்டிப் பார்க்கும்படி திறந்து வைத்த புத்தகம் இல்லை அது. தெரிவது வேறு வழிகளில். சேமநிதிக் கணக்கறிக்கை கேட்கிறார்கள், அதில் மாதக்கணக்கில் சந்தா விழாமல் கிடக்கிறது. இடையில் எங்கே இருந்தாய் என்ற கேள்வி வருகிறது. இல்லாவிட்டால் ஊர் வாய்.

சட்டத்தின் துணையும் குறைவு. குற்றப் பதிவைக் காரணம் காட்டி வேலை மறுக்கக் கூடாது என்று 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் எங்கும் சொல்லவில்லை. இத்தனை ஆண்டு ஒழுங்காக இருந்தால் பழைய தண்டனை கழிந்துபோகும் என்ற ஏற்பாடும் பெரியவர்களுக்கு நம் நாட்டில் இல்லை. சிங்கப்பூரில் அப்படி ஒன்று உண்டு. அங்கேயும் மூன்று மாதச் சிறைக்கு மேல் போனால் அது பொருந்தாது.

முதல் முடிவு: பெட்டியைக் காலியாக விடுவது

நாங்கள் மூவரும் கூடிப் பேசி, பாரத்தில் அந்தக் கேள்விக்கு ஒன்றும் போட வேண்டாம், கேட்டால் சொல்லலாம் என்று அறிவுரை கொடுத்தோம். பொய்யும் சொல்லவில்லை, கதவும் மூடாது என்று கணக்குப் போட்டோம். இந்த யோசனையைச் சொன்னவன் நான்தான்.

ஏப்ரலில் சிரம்பான் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. விடியற்காலையில் தொழிற்சாலை பஸ் வரும், மாதம் 1,500 ரிங்கிட், ஆறு மாதம் தகுதிகாண் காலம். யாரும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. ஏஏடிகே போக வேண்டிய நாளில் காய்ச்சல் என்று சொல்லி விடுப்பு எடுத்தார். அடுத்த மாதம் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றார். பொய் சொல்லக் கூடாது என்று நினைத்துத்தான் பெட்டியைக் காலியாக விடச் சொன்னோம். மாதம் ஒரு பொய் சொல்லும் நிலைக்கு அதுவே அவரைக் கொண்டுபோய் விட்டது. அவர் யாரிடமும் சொல்லாமல் உள்ளுக்குள்ளேயே புழுங்கிக்கொண்டிருந்தார். நானும் கேட்கவில்லை. வேலை கிடைத்துவிட்டது என்ற சந்தோஷத்தில் இருந்தேன்.

ஜூனில், அதே பஸ்ஸில் வரும் ஒருவர் மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டார். மனிதவளப் பிரிவில் இருந்த பெண்மணி இவரைக் கூப்பிட்டுச் சொன்னதை இவர் என்னிடம் அப்படியே ஒப்பித்தார்: "நீ திருடினதுக்காக அனுப்பலப்பா. எங்ககிட்ட மறைச்சதுக்காக அனுப்புறோம்." மறைக்காமல் சொல்லியிருந்தால் எடுத்திருப்பார்களா? தெரியாது. ஆனால் சிறைக்குப் போன பெயரோடு, மறைத்தவன் என்ற பெயரும் இப்போது சேர்ந்துகொண்டது. அதற்குக் காரணம் எங்கள் அறிவுரை.

எண்ணூறு ரிங்கிட்

வேலை போன அடுத்த வாரம், போலீஸ் பதிவை அழித்துத் தருகிறேன், 800 ரிங்கிட் ஆகும் என்று ஒருவர் லயத்துக்கே வந்தார். அம்மா தோட்டை அடகு வைத்து 300 முன்பணம் கொடுத்துவிட்டார். வெளியுறவு அமைச்சின் நன்னடத்தைச் சான்றிதழை வாங்கித் தந்துவிட்டால் பதிவு போய்விடும் என்பது அந்த ஆள் சொன்ன கதை. அந்தச் சான்றிதழ் வெளிநாட்டுக்குப் படிக்க, வேலைக்கு, குடியேறப் போகிறவர்களுக்கு. உள்ளூர் வேலைக்கு அது வேண்டியதே இல்லை, பதிவை அது அழிப்பதும் இல்லை. பணம் கொடுத்து அழிக்க வழி ஏதும் கிடையாது. எங்களுக்குத் தெரிய வந்தபோது அந்த ஆளின் போன் அணைந்திருந்தது. 300 ரிங்கிட் போனது போனதுதான்.

இரண்டாவது முடிவு: ஒரு பக்கக் கடிதம்

ஜூலையில் மறுபடி உட்கார்ந்தோம். இந்த முறை அவரையும் உட்கார வைத்தோம். முதல் தடவை அவரை வெளியே வைத்துவிட்டு அவரைப் பற்றிப் பேசியிருந்தோம்.

முதலில் எவையெல்லாம் ஆகாது என்று பார்த்தோம். பாதுகாவலர் வேலைக்குப் போலீஸ் சோதனை உண்டு. கைப்பேசிச் செயலி வழி கார் ஓட்டவும் குற்றப் பதிவு பார்ப்பார்கள். குலை திருட்டுப் போன தோட்டத்தின் நிறுவனத்துக்கு வட்டாரத்தில் வேறு தோட்டங்களும் ஒரு எண்ணெய் ஆலையும் இருக்கின்றன. அங்கே பேச்சே இல்லை. பெரிய தொழிற்சாலையில் பாரத்தைப் பார்த்துத் தள்ளுபவர் ஒருவர், முடிவெடுப்பவர் வேறொருவர். அந்த இரண்டாமவரை நாம் பார்க்கவே முடியாது. மிச்சம் இருந்தவை முதலாளியே முன்வாசலில் நிற்கும் சின்னப் பட்டறைகள். வெல்டிங் தெரியும் என்பதும் அங்கேதான் செல்லும். மோட்டாரில் போய்வரும் தூரத்தில் பதினொரு பட்டறைகளைக் குறித்துக்கொண்டோம்.

அப்புறம் கடிதம். மலாயில், கையெழுத்தில், ஒரே பக்கம். என்ன குற்றம், எத்தனை மாதம், எப்போது வெளியே வந்தேன், மாதத்தில் எந்த நாள் ஏஏடிகே போக வேண்டும், எது வரைக்கும், என்ன வேலை தெரியும், யாரைக் கேட்டு விசாரிக்கலாம் என்பது மட்டும். அவரே எழுதினார், ஆசிரியை எழுத்துப்பிழை மட்டும் திருத்தினார். ஒரு வார்த்தையில்தான் வாக்குவாதம். 'தவறு செய்துவிட்டேன்' என்று எழுதலாமே என்றார் ஆசிரியை. "இல்லைங்க டீச்சர். தவறுன்னு போட்டா, என்ன தவறுன்னு அவங்க கேப்பாங்க, நான் திரும்பச் சொல்லணும். 'மென்சூரி'ன்னே இருக்கட்டும்" என்றார். திருட்டுக்கான மலாய்ச் சொல் கடிதத்தின் இரண்டாவது வரியில் இருந்தது.

போதைப்பொருள் விஷயத்தையும் எழுதத்தான் வேண்டுமா என்று செயலாளர் தயங்கினார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. திருட்டைப் பொறுப்பவர்கூட இதைக் கேட்டால் ஓடிவிடுவார். ஆனால் மாதாமாதம் அந்த நாள் வரும். அதைச் சொல்லாமல் விட்டால் தொழிற்சாலையில் நடந்ததுதான் மறுபடி நடக்கும். எழுதினோம்.

முன்னாள் கைதிகளை வேலைக்கு எடுக்கும் முதலாளிக்கு அப்போது வருமான வரியில் கூடுதல் கழிவு இருந்தது. 2019 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து 2025 வரை அறிவித்தார்கள், மாதச் சம்பளம் 4,000 ரிங்கிட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. இதை முதல் சந்திப்பில் எடுக்க வேண்டாம் என்று முடிவு செய்தோம். ஒரு பிள்ளையை முன்னால் நிறுத்திவிட்டு, இவரை எடுத்தால் உங்களுக்கு இவ்வளவு லாபம் என்று பேச எனக்கு மனம் வரவில்லை. இன்றும் அதே முடிவைத்தான் எடுப்பேன்.

பட்டறையில்

எட்டு இடத்தில் இல்லை என்றார்கள். இரண்டு பேர் கடிதத்தைப் படித்து முடிக்கவே இல்லை.

ஒன்பதாவது, டிராக்டர், டிரெய்லர் பழுது பார்க்கும் பட்டறை. சீன முதலாளி, வேலையாட்கள் ஆறு பேர். நானும் கூடப் போயிருந்தேன், ஆனால் பேசக் கூடாது என்று எனக்கு உத்தரவு. தவுக்கே (முதலாளியை அப்படித்தான் சொல்வோம்) கைக்கிரீசைத் துணியில் துடைத்துவிட்டு, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, தாளைக் கண்ணருகே கொண்டுபோய்ப் படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார். என்னென்னவோ கேட்பார் என்று நினைத்தேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "மாதத்தில் எந்த நாள்?" நம் தம்பி சொன்னார். தவுக்கே சுவரில் தொங்கிய குதிரை நாள்காட்டியைப் புரட்டி அந்த நாளைப் பார்த்தார். பிறகு ஓரமாகக் கிடந்த டிரெய்லர் கொக்கியைக் காட்டி, ஒட்டிக் காட்டு என்றார்.

தம்பி முகக்கவசத்தை மாட்டினார். முதல் குச்சி இரும்போடு ஒட்டிக்கொண்டது. பிடுங்கிவிட்டு, துருவைச் சுரண்டி, மின்னோட்டத்தைக் கொஞ்சம் ஏற்றி, மறுபடி வைத்தார். இரண்டாவது கோடு சீராக ஓடியது. தவுக்கே சுத்தியலால் கசடைத் தட்டிப் பார்த்துவிட்டு, ஒரு வாரம் வரட்டும் என்றார். ஒரு வாரம் ஒரு மாதமாகி, 2023 செப்டம்பரில் சம்பளப் பட்டியலில் பெயர் ஏறியது. 1,500 ரிங்கிட், சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு), சேமநிதி எல்லாம் உண்டு. நாள்காட்டியில் ஏஏடிகே நாட்களைத் தவுக்கேயே பேனாவால் வட்டம் போட்டு வைத்தார். யாருக்கும் காரணம் சொல்லவில்லை. வரிக் கழிவை அதன் பிறகுதான் அவருடைய கணக்காளரிடம் எடுத்துச் சொன்னோம்.

பழைய இரும்பு வைக்கும் கொட்டகைச் சாவி தன் கைக்கு வர வேண்டாம் என்று தம்பியே கேட்டுக்கொண்டார். அது அவர் சொந்த யோசனை.

காணாமல் போன வால்வுகள்

2024 ஜூனில் பித்தளை வால்வுகள் இரண்டைக் காணவில்லை. யாரும் அவர்மேல் குற்றம் சொல்லவில்லை. எல்லாரும் அவரைப் பார்த்தார்கள், அவ்வளவுதான். தவுக்கே, இரண்டு நாள் வீட்டில் இரு என்றார்.

அந்த இரண்டு நாளும் எங்கள் மூவருக்கும் ஒன்றும் தெரியாது. முதல் நாள் ராத்திரி அவர் பழைய நண்பர்களிடம் போயிருக்கிறார். அவர்கள் நீட்டியதை வாங்கவில்லை என்று சொன்னார். நான் நம்புகிறேன், அந்த மாதப் பரிசோதனையும் சுத்தமாகவே வந்தது. ஆனால் விடியும் வரை அங்கேதான் உட்கார்ந்திருந்தார். எங்கள் மூவரில் ஒருவர் வீட்டுக்கதவைத் தட்ட அவருக்குத் தோன்றவில்லை. அல்லது தட்டலாம் என்ற நம்பிக்கையை நாங்கள் கொடுத்திருக்கவில்லை.

மூன்றாம் நாள் வால்வுகள் கிடைத்தன. கடைசல் வேலைக்காக வேறு பட்டறைக்கு லோரிக்காரர் கொண்டுபோயிருந்தார். சீட்டு எழுதவில்லை. தவுக்கே மன்னிப்புக் கேட்கவில்லை. அந்த இரண்டு நாள் சம்பளத்தைப் பிடிக்கவும் இல்லை. தம்பி வேலையை விட்டுவிடுகிறேன் என்றார். அம்மாதான் மறுநாள் காலை சாப்பாட்டுப் பையைக் கையில் கொடுத்து, மோட்டார் வரை கூடவே நடந்து வந்து அனுப்பிவைத்தார்.

அதன் பிறகு தவுக்கேயிடம் நான் ஒன்று கேட்டேன். பட்டறையை விட்டு வெளியே போகும் பொருளுக்கெல்லாம், அது யார் கொண்டுபோனாலும், ஒரு சீட்டுப் புத்தகம் இருக்கட்டும் என்று. கிராணி வேலை பார்த்தவனுக்குத் தெரிந்தது அதுதானே. வாங்கி வைத்தார், இன்றும் எழுதுகிறார்கள்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

ஒருவர் வெளியே வந்ததும், தண்டனையைப் பற்றிக் கேட்பதற்கு முன், இன்னும் எங்கெங்கே எந்தெந்த நாளில் ஆஜராக வேண்டும் என்று இப்போது கேட்கிறோம். வேலை நேரத்தை அதற்கேற்பத்தான் தேட வேண்டும். பெட்டியைக் காலியாக விடு என்று யாருக்கும் சொல்வதில்லை. முடிந்தவரை பாரத்துக்கு முன்பே முதலாளியை நேரில் பார்த்துக் கடிதத்தைக் கொடுக்கச் சொல்கிறோம்.

ஏதாவது காணாமல் போனால் என்ன செய்வது என்பதை முதலாளியோடு முதல் வாரத்திலேயே பேசிவிட வேண்டும். இது சங்கடமான பேச்சு. ஆனால் ஒரு பட்டறையில் என்றைக்காவது ஏதாவது காணாமல் போகத்தான் செய்யும், அன்றைக்கு இவர்மேல்தான் கண் விழும். அந்த ராத்திரியில் அவர் யாரைக் கூப்பிடுவது என்பதும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும். இப்போது ஒவ்வொருவருக்கும் எங்களில் ஒருவர் பொறுப்பு, நள்ளிரவானாலும் போன் எடுப்பது என்று வைத்திருக்கிறோம்.

தாய் தகப்பனிடமும் தனியாக உட்கார்ந்து பேச வேண்டும். அந்த அம்மாவிடம் ஒரு மணி நேரம் பேசியிருந்தால் தோடு அடகுக்குப் போயிருக்காது.

ஒன்றில் இன்னும் எங்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. சக வேலையாட்களிடமும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்கிறார் செயலாளர். அது அவருடைய கதை, முதலாளியைத் தாண்டி யாரிடம் சொல்வது என்பது அவர் விருப்பம் என்பது என் நிலை.

இன்று

கண்காணிப்பு 2025 பிப்ரவரியில் முடிந்தது. அதே மாதம் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்தது, அவருக்கும் கிடைத்தது. ஓவர்டைம் சேர்த்தால் 2,000க்கு மேல் வருகிறது. அம்மாவின் தோடு அடகிலிருந்து திரும்பிவிட்டது.

பட்டறைக்கு நல்ல வரும்படி எண்ணெய் ஆலைப் பழுது வேலைகளில்தான். அந்த ஆலை, இவர் குலை திருடிய தோட்டத்தின் நிறுவனத்துடையது. வாசலில் நுழைய அனுமதி அட்டை வேண்டும். தவுக்கே இரண்டு முறை விண்ணப்பித்தார், இரண்டு முறையும் மற்ற எல்லாருடைய பெயரும் வந்தது, இவர் பெயர் மட்டும் வரவில்லை. ஆலை வேலை நாளில் இவர் பட்டறையிலேயே இரும்பை வெட்டி, விளிம்பைத் தேய்த்து, பொருத்தம் பார்த்து லோரியில் ஏற்றிவிடுகிறார். உள்ளே கொண்டுபோய் ஒட்டுவது வேறொருவர். மூன்றாவது முறை விண்ணப்பிக்கும்போது அந்த ஒரு பக்கக் கடிதத்தையும் சேர்த்து வைக்கட்டுமா என்று தவுக்கே கேட்டிருக்கிறார். தம்பி பழைய தாளைக் கொடுக்கவில்லை. தேதிகளை மாற்றிப் புதிதாக எழுதிக்கொண்டிருக்கிறார். இரண்டாவது வரி அப்படியேதான் இருக்கிறது.